ஹைலக்ஸின் பின் டிபரன்சலுக்கு வீட்டிலேயே லொக்கர் பூட்டலாமா?

முத்தையன்கட்டு விவசாயி:

அனைவருக்கும் வணக்கம். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எட்டு ஏக்கர் வயல் செய்து வருகிறேன். என்னிடம் இருப்பது எல்.என். 106 வகை டொயோட்டா ஹைலக்ஸ் இரட்டைக் கப். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் வில்லுத்தகடு, நான்கு சில்லு இழுவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களுக்கு ஏறிய விலையைப் பார்த்து, இதை விற்றால் இதைப் போன்ற இன்னொன்றை வாங்க என்னால் இயலாது என்று தெளிந்து, அன்றிலிருந்து இதற்குச் செய்யவேண்டியவற்றை நானே செய்து வைத்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டானில் இருந்து வரும் வழியில் கிறவல் போட்ட பகுதி முடிந்ததும் வாய்க்கால் கரையோடு ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் களிமண் பாதை இருக்கிறது. கோடையில் அது சீமெந்துத் தரை போல இறுகிக் கிடக்கும். ஐப்பசியில் மழை தொடங்கி, காலபோக விதைப்புக்கு ரக்ரர்கள் போய்வரத் தொடங்கியதும் அவற்றின் பெரிய சில்லுகள் கிண்டிய தடத்தில் முழங்கால் அளவு சேறு நிற்கும். ஒரு பக்கச் சில்லுகளை வரம்பிலும் மறு பக்கச் சில்லுகளைத் தடத்திலும் வைத்துத்தான் ஓடவேண்டும். அப்படி ஓடும்போது தடத்துக்குள் இருக்கும் பின் சில்லும் அதே பக்கத்து முன் சில்லும் சும்மா சுழல, வரம்பில் இறுகி நிற்கும் மற்றைய இரண்டும் அசையாமல் நிற்கின்றன. நான்கு சில்லு இழுவை என்று பெயர் இருந்தென்ன, சுழல்பவை இரண்டுதான். சென்ற மாரியில் மட்டும் ஐந்து தடவை அயலவரின் ரக்ரர் வந்து கட்டி இழுத்தது. அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. அதனாலேயே ஆறாவது தடவை கேட்க மனம் கூசுகிறது.

பின் டிபரன்சலை, அதாவது எஞ்சினின் பலத்தை இரு பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுத் தொகுதியை, லொக் செய்வதற்கு (இரு சில்லுகளும் சேர்ந்தே சுழலச் செய்வதற்கு) மூன்று வழிகள் இருப்பதாக அறிந்தேன். உள்ளே இருக்கும் சிறு பற்சில்லுகளை வெல்டிங் செய்து ஒட்டிவிடுவது ஒன்று. அந்தப் பற்சில்லுகளைக் கழற்றிவிட்டு, அதே கூட்டுக்குள் தானாகப் பூட்டித் திறக்கும் லொக்கரைப் போடுவது இன்னொன்று. கூட்டையே மாற்றி, காற்றழுத்தத்தால் பூட்டும் லொக்கரைப் பொருத்துவது மூன்றாவது. இரண்டாவது வகைப் பெட்டியொன்றைக் கனடாவில் இருக்கும் மருமகன் அனுப்புவதாகச் சொல்கிறான்.

கிளச் தட்டு, பிரேக் சூ, முன் சில்லுப் பெயறிங் ஆகியவற்றை நானே மாற்றியிருக்கிறேன். சீமெந்துத் தரை இருக்கிறது. கொட்டிலின் முதிரை வளையில் சங்கிலிக் கப்பி தொங்குகிறது. இறுக்கத்தை அளந்து இறுக்கும் ரோர்க் றெஞ்ச் ஒன்றும் உண்டு. நுண்ணிய இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் இல்லை. டிபரன்சலை இதுவரை திறந்ததில்லை. இந்த வேலையை நான் வீட்டில் செய்யலாமா, அல்லது ஆசையை விட்டுவிடவேண்டுமா? செய்தவர்கள், அல்லது செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள், சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பாஸ், மாங்குளம்:

தம்பி, செய்யலாம். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டாவதை மட்டும்தான் உங்கள் கொட்டிலில் வைத்துச் செய்யலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பெரிய வளையப் பற்சில்லான கிறவுண் வீலைச் சுழற்றும் பினியன் பற்சில்லை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். சாதாரண டிபரன்சல் ‘வழுக்கும் சில்லுக்கே முழுப் பலத்தையும் கொடுத்துவிடுகிறது’ என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. அது இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சில்லு 150 நியூட்டன் மீற்றருக்கு மேல் தாங்காமல் சுழல்கிறது என்றால், வரம்பில் இறுகி நிற்கும் சில்லுக்கும் அதே 150தான் போகும். எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் அந்தக் கணக்கு மாறாது. உங்கள் வாகனம் நிற்பது பலம் போதாமையால் அல்ல, அந்தச் சமத்துவத்தால். லொக்கர் அந்தச் சமத்துவத்தை உடைத்து இரண்டு அக்சில்களையும் ஒரே தண்டாக்கிவிடுகிறது. இறுகி நிற்கும் சில்லு தனக்கு இயன்ற அளவு இழுத்துக்கொள்ளும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. லொக்கர் பூட்டிய பின்னர், தேவைப்படும் நேரத்தில் முழு முறுக்குவிசையும் ஒரே அக்சில் தண்டின் ஊடாகப் போகக்கூடும். லொக்கர் இல்லாத டிபரன்சல் இதுவரை அந்தத் தண்டைக் காப்பாற்றி வந்தது. இனிமேல் அதைக் காப்பாற்றவேண்டியது உங்கள் வலது கால்.

இனி வேலைக்கு வருகிறேன். இந்த ஹைலக்ஸின் பின் டிபரன்சல் 8 அங்குலக் கிறவுண் வீல் கொண்டது; பற்சில்லுத் தொகுதி முழுவதும் ஒரே தலையாக முன்பக்கமாகக் கழன்று வருவது. பின் மூடியைத் திறந்து வாகனத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு செய்யும் வகை அல்ல. தலையைக் கழற்றி மேசையில் வைத்து, வெளிச்சத்தில் நின்று வேலை செய்யலாம் என்பதால்தான் உங்களைத் துணிந்து செய்யச் சொல்கிறேன். பெட்டியை அனுப்பச் சொல்லுமுன் ஒன்றை உறுதிசெய்யுங்கள். கூட்டுக்குள் இரண்டு சிறு பற்சில்லுகள் இருப்பதும் உண்டு, நான்கு இருப்பதும் உண்டு. இரண்டுக்கும் லொக்கர் வேறு வேறு. அக்சில் தண்டின் நுனியில் இருக்கும் பல்வரியில் (நீளவாக்கு வரிப்பற்களில்) 30 பற்கள் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். முந்திய சொந்தக்காரர் எதை மாற்றி வைத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து கொண்டுவந்த வேறு தலை உள்ளே இருந்த வாகனங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் ஆப்பு வையுங்கள். பின்பக்கத்தை உயர்த்தி, அக்சில் கூட்டுக்குக் கீழே இரும்புத் தாங்கிகளை நிறுத்துங்கள். சீமெந்துக் கல்லை அடுக்குவது வேண்டாம், அது முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். ஒயிலை வடியவிட்டு, வடிதுளைத் திருகில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மை போன்ற தூள் இருந்தால் அது வழமையான தேய்வு. விரலில் குத்தும் துண்டு இருந்தால் லொக்கரை மறந்துவிட்டு, முதலில் அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டும்.

அடுத்து இரண்டு அக்சில் தண்டுகளையும் வெளியே இழுக்கவேண்டும். பிரேக் குழாய், ஹான்ட் பிரேக் கம்பி, பிரேக் தட்டின் பின்னால் இருக்கும் நான்கு நட்டுகள் ஆகியவற்றைக் கழற்றினால் தண்டு பெயறிங்கோடு சேர்ந்து வெளியே வரும். பிரேக் குழாயின் நட்டைச் சாதாரண ஸ்பனரால் திருகினால் மூலைகள் மழுங்கிவிடும். அதற்கென்று இருக்கும் பிளவு வளைய ஸ்பனரைப் பயன்படுத்துங்கள். டிபரன்சலுக்குப் பலத்தைக் கொண்டுவரும் புறொப்பெல்லர் சாப்ட்டின் இணைப்புத் தட்டில் பஞ்ச் உளியால் ஒரு அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். பின்னர் தலையைச் சுற்றியிருக்கும் நட்டுகளைக் கழற்றலாம். தலை பாரமானது; தனியாக நின்று மார்பில் ஏந்த முயலவேண்டாம்.

மேசைக்கு வந்த பின்னர் எதையும் கழற்றுவதற்கு முன் செய்யவேண்டியதுதான் இந்த வேலையின் உயிர். கிறவுண் வீலுக்கும் பினியனுக்கும் இடையில் இருக்கும் பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கேஜ் இல்லை என்றால் இரவல் வாங்குங்கள். அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம். பெயறிங் மூடிகளில் இடது பக்கத்துக்கு ஒரு புள்ளி, வலது பக்கத்துக்கு இரண்டு புள்ளி குத்துங்கள். அவை சோடியாகக் கடையப்பட்டவை, மாறிப் போட்டால் பொருந்தா. இந்தத் தலையில் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய சிம் தகடுகளுக்குப் பதிலாக இரு பக்கமும் மரை கொண்ட சரிசெய் வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் பூட்டுத் தகட்டைக் கழற்றுமுன், எந்தப் பல் எந்த இடத்தில் நிற்கிறது என்று வெள்ளைப் பெயின்ரால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறி உங்களை முக்கால்வாசித் தூரம் திரும்பக் கூட்டிவந்துவிடும்.

கூட்டைத் தூக்கி எடுத்ததும் கிறவுண் வீலைக் கழற்றவேண்டும். அதன் பின்னர்தான் குறுக்குத் தண்டைப் பிடித்திருக்கும் சிறு ஊசியைத் தட்டி எடுக்க வழி கிடைக்கும். குறுக்குத் தண்டு வெளியே வந்தால் பற்சில்லுகளைச் சுழற்றிச் சாளரம் வழியாக எடுத்துவிடலாம். லொக்கரின் பாகங்களைக் கிறீஸ் தடவி உள்ளே வைத்து, சிறு ஸ்பிரிங்குகளையும் ஊசிகளையும் அவற்றின் துளைகளில் இறக்கி, குறுக்குத் தண்டைத் திரும்பச் செருகுவது பொறுமை வேண்டிய வேலை. ஒரு ஸ்பிரிங் தெறித்துக் கொட்டில் மூலைக்குப் போனால் அந்த நாள் முழுவதும் அதைத் தேடுவதில் போய்விடும். ஆகவே கீழே ஒரு வெள்ளைச் சேலையை விரித்துக்கொள்ளுங்கள். இறுதியில் இரு பகுதிகளுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கவேண்டும் என்று பெட்டியோடு வரும் தாளில் எழுதியிருக்கும். அதை பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து, சரியாக இருந்தால் மட்டும் மேலே செல்லுங்கள். இடைவெளி அதிகமாக இருந்தால் உங்கள் கூடு தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

கிறவுண் வீலைத் திரும்பப் போடும்போது சுத்தியலால் அடித்து ஏற்றவேண்டாம். ஒரு கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் கிறவுண் வீலைக் கிடத்தி எடுத்தால், அது விரிந்து கூட்டின் மீது கை அழுத்தத்துக்கே உட்காரும். ஈரத்தைத் துடைத்து, ஆறிய பின்னர் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி 97 நியூட்டன் மீற்றரில் முடியுங்கள். பூட்டுத் தகடுகள் புதியவையாக இருக்கவேண்டும். பெயறிங் மூடிப் போல்ட்டுகளுக்கு 78 நியூட்டன் மீற்றர். பல் இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் ஒரு பக்க வளையத்தை எவ்வளவு தளர்த்துகிறீர்களோ அதே அளவு மறுபக்கத்தை இறுக்குங்கள். ஒன்றை மட்டும் திருகினால் பெயறிங்கின் அழுத்தம் கெட்டுவிடும். பற்களில் நிறப்பசை பூசிச் சுழற்றி, தொடுகை பல்லின் நடுவில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

ஒயில் ஜீ.எல். 5 தரத்து 80டபிள்யூ-90, நிரப்பும் துளையின் விளிம்பு வரை. வேறு விசேட ஒயில் எதுவும் இதற்குத் தேவையில்லை. பிரேக் குழாயைத் திறந்தபடியால் காற்றை வெளியேற்ற மறக்கவேண்டாம்.

காற்று லொக்கர் நல்ல பொருள்தான். வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது திறக்கலாம். ஆனால் அதற்குக் கூடு முழுவதும் புதியது, பெயறிங் அழுத்தத்தையும் பல் இடைவெளியையும் தொடக்கத்தில் இருந்து அமைக்கவேண்டும், தலையில் துளையிட்டுக் காற்றுக் குழாய் இறக்கவேண்டும், கொம்பிரசர் பூட்டவேண்டும். முதல் தடவை டிபரன்சல் திறப்பவர் கற்றுக்கொள்ளும் இடம் அதுவல்ல.

பூநகரிக் கரை:

பாஸ் ஐயா வெல்டிங்கைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டார். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நான் அதைச் செய்தவன்.

என்னிடம் முன்பு வேறொரு பழைய ஜீப் இருந்தது. பூநகரியின் உவர்க்களியில் அது புதைந்து புதைந்து வெறுத்துப் போய், ஒரு நாள் பின் டிபரன்சலின் பற்சில்லுகளை ஒட்டிவிட்டேன். வயலுக்குள் அது எருமைக்கடா போல நடந்தது. அந்த ஒரு மாரி முழுவதும் நான் பெருமையோடு திரிந்தேன். தாரில் ஏறியதும் கதை மாறியது. வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓடவேண்டும். அதற்கு வழி இல்லாதபோது ரயர்தான் தாரில் தேய்ந்து அந்தக் கணக்கைத் தீர்க்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் ரயர் கத்தும். திசைமாற்றியை விட்டால் வாகனம் நேரே போகவே விரும்பும். பரந்தன் சந்தியில் நெல் மூடைகளோடு திரும்பும்போது வலப்பக்க அக்சில் தண்டு முறிந்தது. திறந்து பார்த்தபோது வெல்டிங்கில் இருந்தும் ஒரு துண்டு உடைந்து கிறவுண் வீலின் பற்களுக்குள் அரைபட்டிருந்தது. கடினமாக்கப்பட்ட பற்சில்லு உருக்கில் சாதாரண வெல்டிங் போட்டால் அதன் ஓரம் கண்ணாடி போல உடையும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இப்போது என் ஹைலக்ஸில் இருப்பது நீங்கள் கேட்கும் இரண்டாவது வகை. மூன்றாவது மாரி ஓடுகிறது. அதைப் பற்றி விற்பவர்கள் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

இது எப்போதும் பூட்டியிருப்பது. வளைவில் வெளிச்சில்லு முந்தி ஓடும்போது மட்டும் தானாக விடுபடும். அப்படி விடுபடும்போது ‘டிக் டிக்’ என்று கேட்கும். முதல் வாரம் ஏதோ உடைகிறது என்று நினைத்து நான் மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன். வளைவின் நடுவில் கிளச்சை விட்டு மீண்டும் முறுக்கினால் பின்னால் யாரோ மண்வெட்டியால் அடித்தது போல ஒரு சத்தம் வரும். அது பழுதல்ல, ஆனால் பழகும்வரை மனைவி ஏறமாட்டார்.

மழையில் நனைந்த தாரில், குறிப்பாகச் சங்குப்பிட்டிப் பாலத்தை நெருங்கும் காற்றுப் பகுதியில், வளைவுக்குள் எரிபொருளைத் திடீரென்று கொடுக்கவேண்டாம். இரண்டு பின் சில்லுகளும் ஒன்றாக வழுக்கினால் பின்பகுதி பக்கவாட்டில் ஓடிவிடும். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, உள்ளே ஒரே அளவில் வைத்து ஓட்டினால் அது ஆடாது.

இரண்டு பின் ரயர்களும் ஒரே அளவு, ஒரே தேய்வு, ஒரே காற்று. ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் தேய்ந்தது என்று ஓடினால் நேர்ப்பாதையிலும் லொக்கர் விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டே இருக்கும். மூடைகளை ஒரு பக்கமாக அடுக்கினாலும் ஏறக்குறைய அதே தொல்லைதான்.

உயிர் தொடர்பான ஒன்றையும் சொல்லவேண்டும். லொக்கர் பூட்டிய பின்னர், ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் தூக்கிவிட்டு கியர் போட்டு எஞ்சினை ஓடவிடவே கூடாது. முன்பெல்லாம் தூக்கிய சில்லு சும்மா சுழலும். இப்போது நிலத்தில் நிற்கும் சில்லும் சேர்ந்து சுழன்று, வாகனம் ஜக்கை விட்டு ஓடிவிடும். வீட்டில் வேறு யாரும் வாகனத்தைத் தொடுவார்களானால் அவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

விசுவமடு ரக்ரர்:

எல்லோரும் பூட்டு, பூட்டு என்கிறீர்கள். நான் சற்று மாறாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முத்தையன்கட்டு அண்ணா, உங்கள் வாகனத்தில் என்ன ரயர் ஓடுகிறது, சேற்றில் இறங்கும்போது எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தாருக்கென்று 35 பீ.எஸ்.ஐ. அடித்த அதே ரயரோடு களியில் இறங்குபவரைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். பாரமில்லாமல் போகும்போது அதை 20 வரை இறக்கிப் பாருங்கள். ரயர் நீளவாக்கில் படிந்து, களிக்குள் வெட்டிக்கொண்டு இறங்குவதை விட்டு மேலே மிதித்து நடக்கும். திரும்பிக் கிறவலுக்கு வந்ததும் அடிப்பதற்கு ஒரு 12 வோல்ட் பம்பு போதும். ஐந்து தடவையில் மூன்று தடவை உங்களுக்கு ரக்ரர் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

‘ஹான்ட் பிரேக்கை அரைவாசி இழுத்துப் பிடித்துக்கொண்டு முறுக்கு, மற்றச் சில்லு பிடிக்கும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பவேண்டாம். ஹான்ட் பிரேக் இரண்டு பின் சில்லுகளையும் ஒரே அளவில்தான் பிடிக்கிறது. வழுக்கும் சில்லைப் பிடிப்பதால் கிடைக்கும் கூடுதல் விசையை, நிற்கும் சில்லின் பிரேக்கே தின்றுவிடுகிறது. ரக்ரரில் அது வேலை செய்வது இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிப் பிரேக் மிதி இருப்பதால்தான். மெஸ்ஸி பேர்கசன் 240இல் டிபரன்சல் லொக்குக்கென்றே ஒரு மிதியும் இருக்கிறது. அதை மிதித்துப் பழகியவன் என்பதால்தான் எனக்கு எப்போதும் பூட்டியே கிடக்கும் லொக்கர் பிடிப்பதில்லை. வேண்டும்போது பூட்டவும் வேண்டாதபோது விடவும் முடியாத ஒன்றைத் தாரில் ஏன் சுமந்துகொண்டு திரியவேண்டும்?

கையால் இயக்கும் கம்பி இழுவை ஒன்றை வாங்கி வைத்திருந்தால் எந்த லொக்கரும் போகாத இடத்தில் இருந்தும் வெளியே வரலாம். பாலை மரமோ முதிரை மரமோ பக்கத்தில் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மரத்தைத் தேடிப் பாதையை விட்டு இறங்கும்போது அது மிதிவெடி அகற்றி முடித்த நிலம்தானா என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் சிவப்புப் பலகை இன்னும் நிற்கும் இடங்கள் இருக்கின்றன.

முத்தையன்கட்டு விவசாயி:

எழுதிய மூவருக்கும் நன்றி. வெல்டிங் என்ற எண்ணத்தைப் பரந்தன் சந்தியிலேயே விட்டுவிட்டேன்.

விசுவமடுத் தம்பி கேட்டதற்கு விடை: 36 பீ.எஸ்.ஐ. வைத்துத்தான் இவ்வளவு காலமும் ஓடியிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்று வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த மூலையில் 20க்கு இறக்கி ஓடிப்பார்த்தேன். வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் ஒரு பக்கம் வரம்பிலும் ஒரு பக்கம் தடத்திலுமாக நிற்கும் இடத்தில் பழைய கதைதான். வரம்பில் நிற்கும் சில்லு அசையவில்லை. ஆகவே இரண்டையும் செய்வது என்று இருக்கிறேன்.

பாஸ் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். பூட்டி முடித்த பின்னர் வாகனத்தை நிலத்தில் இறக்குமுன் லொக்கர் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சென்ற மாரியில் வாய்க்காலைக் கடந்த பின்னர் வடித்த டிபரன்சல் ஒயில் பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. அது லொக்கரைக் கெடுக்குமா?

பழைய பாஸ், மாங்குளம்:

இரண்டு பின் சில்லுகளும் நிலத்தைத் தொடாமல் தாங்கியில் நிற்க, எஞ்சினை நிறுத்தி, ஹான்ட் பிரேக்கை விட்டு, கியரில் போடுங்கள். ஒருவர் இடப்பக்கச் சில்லை முன்னோக்கித் திருப்பி, அது நின்றதும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும். மற்றவர் வலப்பக்கச் சில்லைப் பின்னோக்கித் திருப்பினால் அது ‘டிக் டிக்’ என்று சுழலவேண்டும். பிறகு திசையை மாற்றியும், பக்கத்தை மாற்றியும், நான்கு விதமாகவும் பாருங்கள். இருவரும் ஒரே திசையில் திருப்பினால் இரண்டும் இறுகி நிற்கவேண்டும். இதில் ஏதாவது ஒன்று நடக்கவில்லை என்றால் சில்லைப் பூட்டி ஓடிப்பார்க்கவேண்டாம், தலையைத் திரும்பக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங் தன் துளையில் இல்லாமல் இருக்கும்.

ஒயிலில் தண்ணீர் போவது லொக்கரை மட்டுமல்ல, பெயறிங்கையும் கெடுக்கும். ஓடிச் சூடான அக்சில் கூடு குளிர்ந்த வாய்க்கால் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அக்சில் கூட்டின் மேலே இருக்கும் மூச்சுத் துளை மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒயில் தாங்கும் றப்பர்க் குழாய் ஒன்றைப் பூட்டி, உடல்பகுதிக்குள் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். குழாய் மடியாமல், அக்சில் ஏறி இறங்கும்போது இழுபடாமல் சற்றுத் தொய்வாக இருக்கட்டும். தலையைக் கழற்றும் அதே நாளில் இரண்டு பக்க அக்சில் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

விசுவமடுத் தம்பி சொன்ன காற்றுக் கதை முழுவதும் சரி. லொக்கரைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. நாள்தோறும் வவுனியாவுக்கு ஏ9 வீதியில் ஓடும் வாகனம் என்றால் நானும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

முத்தையன்கட்டு விவசாயி:

கார்த்திகை பிறந்துவிட்டது, எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

கூட்டுக்குள் இருந்தவை இரண்டு சிறு பற்சில்லுகள்தான். பாஸ் ஐயா சொன்னபடி முதலில் திறந்து பார்த்து, படம் எடுத்து அனுப்பிய பின்னரே மருமகனைப் பெட்டி வாங்கச் சொன்னேன். டயல் கேஜைக் கிளிநொச்சியில் ஒரு கடைசல் பட்டறைக்காரரிடம் இரவல் பெற்றேன். கழற்றுமுன் அளந்தபோது பல் இடைவெளி 0.16, பூட்டிய பின்னர் முதலில் 0.21 வந்தது. இடப்பக்க வளையத்தை இரண்டு பல் தளர்த்தி, வலப்பக்கத்தை அதே அளவு இறுக்கியதும் 0.24 ஆகிவிட்டது. எதிர்த் திசையில் திருப்பவேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. 0.16க்குத் திரும்பக் கொண்டுவர மாலையாகிவிட்டது. கிறவுண் வீலைக் கொதிக்கவைக்கப் பொங்கல் கிடாரத்தை எடுத்தமைக்காக வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. ஸ்பிரிங் ஒன்றும் தெறித்தது. சேலை விரித்திருந்தபடியால் அகப்பட்டது.

சென்ற வாரம் மூன்று நாள் தொடர் மழைக்குப் பின்னர் பதினெட்டு உர மூடைகளோடு அந்த இரண்டு கிலோமீற்றரையும் 25 பீ.எஸ்.ஐ. வைத்து, இறங்காமல் கடந்தேன். வரம்பில் நின்ற சில்லு சேற்றுச் சில்லையும் சேர்த்து இழுத்தது. கடைசி வளைவில் மட்டும் பின்பக்கம் சற்று விலகியது; பூநகரி அண்ணா எழுதியது நினைவுக்கு வர, காலை எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. புதிய சீல் போட்டும் இடப்பக்கப் பிரேக் தட்டின் கீழ் விளிம்பில் ஒயில் ஈரம் தெரிகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று துளி இருக்கும். வலப்பக்கம் காய்ந்திருக்கிறது.

பழைய பாஸ், மாங்குளம்:

தண்டை உள்ளே தள்ளும்போது அதன் பாரத்தைச் சீலின் உதட்டில் வைத்து இழுத்திருப்பீர்கள். பல்வரி உதட்டைக் கீறியிருக்கும். ஒயில் பிரேக் சூவுக்குப் போகுமுன் இந்த வாரமே கழற்றுங்கள். புதிய சீலின் உதட்டில் கிறீஸ் தடவி, ஒருவர் வெளியே தண்டைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் நேராகத் தள்ளவேண்டும். சூவில் ஏற்கெனவே ஒயில் ஊறியிருந்தால் கழுவிப் போடவேண்டாம், இரு பக்கமும் சோடியாக மாற்றுங்கள்.